வக்கீல் ராஜகோபாலாச்சாரியார்

ஓசூரை அடுத்த தொரப்பள்ளி என்னும் சிற்றூரை இன்று நாடிச் செல்வோர், ஆலைகளின் மதிற்சுவர்களையும், பெங்களூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே இரவு பகலாக ஓடும் சரக்கு லாரிகளையும் கடந்தே செல்ல வேண்டும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே கடைத்தெருவில் கலந்து ஒலிக்கும் எல்லைப்புறம் அது. 1878-ஆம் வருஷம் டிசம்பர் 10-ஆம் தேதி சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரியார் அங்கே பிறந்தபோது ஆலையும் இல்லை, லாரியும் இல்லை. பழைய சேலம் ஜில்லாவின் வடகோடி அது. வானத்தை நம்பிக் கேழ்வரகு விதைக்கும் குடியானவர்களின் பூமி. அவருடைய தந்தையார் அவ்வூர்க் கிராம முன்சீப். முன்சீப் வேலை சிறியதுதான் என்றாலும், வரி வசூலும் வரப்புத் தகராறும் சில்லறைக் கடன் வியாஜ்யமும் வந்து நிற்கும் இடம் அந்த வீட்டுத் திண்ணையே. ஆகவே சட்டம் என்பது அக்குழந்தைக்குப் புத்தகத்தில் கற்ற விஷயமாக இருந்திருக்க முடியாது.

ஆச்சாரியாரின் அரசியல் வாழ்வைப் பற்றி நேயர்கள் வேண்டிய அளவு படித்திருக்கிறார்கள். அவர் சென்னை ராஜதானியின் பிரதம மந்திரியானதும், இந்தியாவின் கடைசிக் கவர்னர் ஜெனரலானதும் பள்ளிச் சிறுவர்களும் அறிந்தவை. நாம் இங்கே எழுத விரும்புவது, சேலத்து வக்கீல் ராஜகோபாலாச்சாரியாரைப் பற்றி. செல்வமும் புகழும் தேடிப் புறப்பட்ட ஓர் இளைஞர், அவை கைக்கு வந்த பின்பு அத்தொழிலோடு எவ்வாறு கணக்குத் தீர்த்துக்கொண்டார் என்பதே நமது விஷயம்.

ஓசூரில் பள்ளிப் படிப்பு, பெங்களூர் சென்ட்ரல் காலேஜில் பட்டம், சென்னையில் சட்டம். 1900-ஆம் ஆண்டில் சேலத்தில் வக்கீலாக அமர்ந்தார். சென்னை ஹைக்கோர்ட்டை விட்டுச் சேலத்தைத் தேர்ந்தது வியப்பன்று. ஜில்லாவின் தலைநகரம் அது. ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரித் தாலுகாக்களின் வழக்குகளெல்லாம் அங்கே வந்து சேர்ந்தன. தெலுங்கும் கன்னடமும் காதில் விழுந்து வளர்ந்த ஒரு வக்கீலுக்கு அந்தக் குடிகளிடையே கட்சிக்காரர் கிடைப்பது அரிதாக இருந்திராது.

சேலத்து வக்கீல் சங்கத்துக்கு அப்பொழுதே ஒரு பெருமை இருந்தது. அது சி. விஜயராகவாச்சாரியாரால் வந்தது. 1882-இல் சேலத்தில் நடந்த மதக் கலகத்தைத் தூண்டினார் என்று குற்றஞ்சாட்டப்பட்டுக் கடுந்தண்டனை பெற்றவர் அவர். அப்பீலில் விடுதலையடைந்து, முனிசிபாலிடியிலிருந்து தம்மை நீக்கியது செல்லாதென்று சர்க்கார் மீதே வழக்குத் தொடுத்து 1884-இல் ஹைக்கோர்ட்டில் நஷ்ட ஈடும் பெற்றார். நஷ்ட ஈடு வெறும் நூறு ரூபாய்தான். ஆயினும் சாம்ராஜ்ய சர்க்காரைச் சாதாரணப் பிரஜை ஒருவர் கோர்ட்டில் தோற்கடிக்கலாம் என்று அந்த நூறு ரூபாய் தென்னாட்டுக்குக் கற்பித்தது. தொரப்பள்ளியிலிருந்து வந்த இளம் வக்கீல் இந்தப் பெரியவரின் நிழலில்தான் தொழில் பழகினார்.

சில ஆண்டுகளுக்குள் ஆச்சாரியார் ஜில்லாவின் முதல் வரிசை வக்கீல்களில் ஒருவரானார். கிரிமினல் வழக்குகளில் அவருடைய குறுக்கு விசாரணைக்குத் தனி மதிப்பு இருந்தது. வருமானம் பெருகிற்று. அவருக்கு ஆசை இல்லை என்று சொல்வது உபசாரமாகும். நன்றாக வாழ வேண்டும், முன்னுக்கு வர வேண்டும் என்ற உறுதி இல்லாதவர் அந்தத் தொழிலில் அவ்வளவு விரைவில் அவ்வளவு உயரம் ஏறுவதில்லை.

ஆனால் மொபசல் வக்கீலின் பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். நாமும் அத்தொழில் பழகியவர்களாதலால் இதைத் தயக்கமின்றி எழுதுகிறோம். மழை பொய்த்த வருஷத்தில் குடியானவன் பிராமிசரி நோட்டு எழுதிக் கொடுக்கிறான். வட்டி முதலாகிறது, முதல் மறுபடி வட்டி ஈனுகிறது. சாவுகாரி வழக்குப் போடுகிறான். டிக்ரி ஆகிறது. நிலம் ஜப்தியாகி ஏலத்துக்கு வருகிறது. வாதியின் வக்கீலுக்கும் பீஸ், பிரதிவாதியின் வக்கீலுக்கும் பீஸ். குடியானவன் வாய்தாவுக்கு வரும்பொழுது கொண்டுவரும் பணம் பல சமயங்களில் அவன் விற்ற காளையின் விலையாகவே இருக்கும். இதில் மோசடி எதுவும் இல்லை. யாவும் சட்டப்படி நடப்பவை. அதுவே இதிலுள்ள கொடுமை. இந்தக் கணக்கைப் பற்றி ஆச்சாரியார் அந்நாளில் என்ன நினைத்தார் என்று நாம் கற்பிக்கப் போவதில்லை. பின்னால் அதிகாரம் கைக்கு வந்தபோது அவர் செய்ததைக் கொண்டு நேயர்களே ஊகிக்கலாம்.

1911-இல் சேலம் முனிசிபாலிடியில் அங்கத்தினரானார். 1917 முதல் 1919 வரை அதன் தலைவராக இருந்தார். தீண்டப்படாதார் என்று ஒதுக்கப்பட்ட வகுப்பிலிருந்து முதல் அங்கத்தினர் அந்தச் சபைக்கு வரக் காரணமாயிருந்தவர் அவரே. இதனிடையே மனைவியார் காலமானார். ஐந்து குழந்தைகள் தாயற்றவர்களாயினர். 1918-இல் டாக்டர் வரதராஜுலு நாயுடு மீது ராஜத்துவேஷ வழக்கு வந்தபோது, ஆச்சாரியார் அவர் பக்கம் நின்று வாதாடினார். சட்டத்தின் வலிமையை அதுகாறும் பார்த்தவர், அரசியல் வழக்குகளில் அதன் எல்லையையும் நேரில் பார்த்தார்.

1919-இல் சேலத்தை விட்டுச் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். அவ்வாண்டு மார்ச்சு மாதம் கதீட்ரல் ரஸ்தாவில் அவர் இருந்த வீட்டில்தான் காந்தியடிகள் வந்து தங்கினார். ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாடெங்கும் ஒரு நாள் வேலைநிறுத்தம் செய்து உபவாசமிருப்பது என்ற யோசனை அடிகளுக்கு அரைத் தூக்கத்தில் உதித்தது அந்த வீட்டிலேயே. அடுத்த ஆண்டு ஒத்துழையாமை வந்தது. டிசம்பரில் நாகபுரிக் காங்கிரஸ் அதை உறுதி செய்தது. அந்தக் காங்கிரசுக்குத் தலைமை வகித்தவர் சேலம் விஜயராகவாச்சாரியார். கோர்ட்டுகளைப் பகிஷ்கரிக்க வேண்டும் என்ற கட்டளைக்கு ஆச்சாரியார் கீழ்ப்படிந்தார். நாற்பத்திரண்டு வயதில், தொழிலின் உச்சியில், வளரும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, வக்கீல் தொழிலைக் கைவிட்டார்.

அந்நாளில் தொழிலை விட்ட வக்கீல்கள் பலர். சிலர் ஓராண்டில், சிலர் ஈராண்டில் திரும்பி வந்தனர். அவர்களைப் பழிப்பது நமது நோக்கமன்று. வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். ஆச்சாரியார் திரும்பவில்லை. 1921 டிசம்பரில் கைதாகி மூன்று மாதம் வேலூர்ச் சிறையில் இருந்தார். எத்தனையோ கைதிகளைத் தப்புவித்தவர் தாமே கைதியாக உள்ளே சென்று, தண்டனை என்ற சொல்லின் பொருளைத் தினமும் ஒரு நாட்குறிப்பில் எழுதி வந்தார். 1922-இல் கயா காங்கிரசில், சட்டசபைகளுக்குள் செல்லலாம் என்ற கட்சியைத் தோற்கடித்தவர்களுக்குத் தலைவராக நின்றார். பகிஷ்காரத்தில் அணுவளவும் மாறுதல் கூடாது என்போரின் தளபதி என்று நாடு முழுவதும் அவர் பெயர் பெற்றது அப்பொழுதுதான். 1925-இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்து, கதரும் மதுவிலக்கும் தீண்டாமை ஒழிப்புமாகக் குடிசையில் வாழத் தொடங்கினார்.

அந்த ஆண்டின் இறுதியில்தான் சித்தூர் ஜில்லாவில் அந்த வழக்கு வந்தது.

விவரம் சுருக்கமானது. திருப்பதி வட்டாரத்துக் கோயில் ஒன்றுக்குள் பஞ்சமர் ஒருவர் பக்தியோடு சென்று வழிபட்டார். அவர் சாதி தெரிந்தது. போலீசார் வழக்குப் போட்டனர். மாஜிஸ்திரேட் அவரைக் குற்றவாளி என்று தீர்மானித்துத் தண்டித்தார். சட்டம் எது என்றால், இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 295-ஆவது பிரிவு. ஒரு வகுப்பாரின் மதத்தை அவமதிக்கும் எண்ணத்தோடு, அல்லது அவர்கள் அதை அவமதிப்பாகக் கொள்வார்கள் என்று அறிந்து, வழிபாட்டுக்குரிய இடத்தை அழித்தாலும் சேதப்படுத்தினாலும் தீட்டுப்படுத்தினாலும் இரண்டு வருஷம் வரை சிறையிடலாம் என்றது அப்பிரிவு. பிற மதத்தார் செய்யும் அட்டூழியத்தினின்று கோயிலையும் மசூதியையும் காப்பதற்காக எழுதப்பட்ட சட்டம், தன் தெய்வத்தைத் தான் தொழுத ஒரு ஹிந்துவின் மீது திருப்பப்பட்டது.

இதை விபரீதம் என்று தள்ளிவிட முடியாத நிலையில் அன்றைய நியாய ஸ்தலங்கள் இருந்தன. கமுதிக் கோயிலில் நாடார்கள் நுழைந்தது பற்றிய வழக்கு கீழ்க் கோர்ட்டிலிருந்து சென்னை ஹைக்கோர்ட்டுக்கும், அங்கிருந்து லண்டன் பிரிவி கவுன்சிலுக்கும் சென்று, 1908-இல் நாடார்களுக்கு எதிராக முடிந்திருந்தது. கோயிலுக்குள் யார் வரலாம் என்பது வழக்கத்தைப் பொறுத்தது என்றால், வழக்கத்துக்கு மாறாக வருபவன் தீட்டுப்படுத்துபவன் ஆகிறான் என்று சொல்லச் சட்டம் படித்த மூளைக்கு அதிக நேரம் வேண்டியதில்லை.

ஆச்சாரியாரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அவர் வாதாடாவிட்டால் அந்த ஏழையின் தண்டனை நிலைக்கலாம். வாதாடினால் ஐந்து வருஷமாகக் காத்த விரதம் போகும். மாறுதல் வேண்டாதார் கட்சியின் தலைவரே கோர்ட்டுப் படி ஏறினார் என்று எதிர்க்கட்சியார் நகைப்பார்கள். சொந்தக் கட்சியார் மனம் புண்படுவார்கள். முந்திய ஆண்டு பெல்காம் காங்கிரசில் ஒத்துழையாமை நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது உண்மையே. அந்தச் சலுகையைத் தமக்குப் பயன்படுத்திக்கொள்ளும் சுபாவம் அவருக்கு இல்லை. அப்படியிருந்தும் சென்றார். தொழிலை மறுபடி மேற்கொள்ளவில்லை. பீஸ் என்ற பேச்சு இல்லை. அந்த ஒரு மனிதனுக்காக, அந்த ஒரு வழக்கில் மட்டும் எழுந்து நின்று வாதாடினார்.

அப்பீலில் தண்டனை ரத்தாயிற்று. பஞ்சமர் விடுதலையடைந்தார். ஆனால் அந்த விடுதலை எதன் மீது நின்றது? பக்தன் ஒருவன் தொழுவதற்காகக் கோயிலுக்குள் செல்வது அவமதிப்பாகாது என்று கோர்ட்டு சொல்லவில்லை. அவமதிப்பு என்பதற்கு வேண்டிய சாட்சியத்தை வாதித் தரப்பு சரிவரக் காட்டவில்லை என்பதே காரணம். சாட்சியத்தின் ஓட்டையைக் கண்டுபிடித்து அதன் வழியே கட்சிக்காரரை வெளியே கொண்டுவருவது கைதேர்ந்த கிரிமினல் வக்கீலின் வேலை. ஐந்து வருஷம் துருப்பிடித்திருந்த கத்தி இன்னும் கூர்மழுங்கவில்லை என்று தெரிந்தது. மனிதன் தப்பினான், சட்டம் இருந்தபடியே இருந்தது. அடுத்த பஞ்சமர் மீது, சாட்சியத்தைச் சரியாகத் தயார் செய்துகொண்டு, அதே பிரிவில் மறுநாளே வழக்குப் போடலாம்.

காந்தியடிகள் தமது எங் இந்தியாப் பத்திரிகையில் இதைப் பற்றி எழுதினார். ஆச்சாரியார் விரதம் தவறினார் என்ற எண்ணத்தை மறுத்து, விரதத்தின் எழுத்தைக் காத்துக்கொண்டு அந்த ஏழையைக் கைவிட்டிருந்தால்தான் தவறாகியிருக்கும் என்று தீர்ப்பளித்தார். அத்துடன், இந்த விடுதலையைக் கண்டு மகிழ்ச்சியடைய அதிகமில்லை என்பதையும் மறைக்கவில்லை. அடிகளும் பாரிஸ்டர்தாமே.

இங்கிருந்து பன்னிரண்டு வருஷம் தாண்ட வேண்டும். இடையில் 1930-இல் திருச்சியிலிருந்து வேதாரணியம் வரை நடந்து உப்பெடுத்ததும், பல முறை சிறை சென்றதும் வேறு ஒரு கட்டுரைக்கு உரியவை. 1937-இல் ஆச்சாரியார் சென்னையின் பிரதம மந்திரியானார். அக்டோபர் 1-ஆம் தேதி மதுவிலக்கு அமுலுக்கு வந்தது; முதலில் வந்தது அவருடைய சேலம் ஜில்லாவில். ஓசூரும் கிருஷ்ணகிரியும் அன்று அதில் அடக்கம்.

மதுவிலக்கைப் பேசுவோர் விவசாயக் கடன் நிவாரணச் சட்டத்தை மறந்துவிடுகிறார்கள். வக்கீலாக இருந்து பார்த்தவனுக்கே அச்சட்டத்தின் அருமை விளங்கும். 1938-ஆம் ஆண்டின் நான்காவது சட்டம் அது. 1932 அக்டோபர் 1-ஆம் தேதிக்கு முன் வாங்கிய விவசாயக் கடன்களில், 1937 அக்டோபர் 1-ஆம் தேதி வரை நின்ற வட்டி முழுவதும் தள்ளுபடி. முதலைப் போல் இரண்டு மடங்கு ஏற்கனவே செலுத்தியிருந்தால் கடனே தீர்ந்தது. பின்னால் வாங்கிய கடனுக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் சாதாரண வட்டிதான். டிக்ரியான கடன்களுக்கும் இது பொருந்தும். டிக்ரியில் கை வைக்கலாமா என்று கடன் கொடுத்தோர் ஆர்ப்பரித்தனர். பெடரல் கோர்ட்டு வரை சென்றனர். 1940-இல் அங்கும் சட்டம் நிலைத்தது. பிராமிசரி நோட்டு எத்தனை வழிகளில் குடியானவனை விழுங்கும் என்று இருபது வருஷம் சேலத்தில் பார்த்திராத ஒருவரால் அந்தப் பிரிவுகளை அவ்வளவு இடுக்கில்லாமல் எழுதச் செய்திருக்க முடியாது என்பது நமது அபிப்பிராயம்.

ஆனால் கணக்கில் பற்று மட்டும் எழுதி வரவை விடுவது முறையன்று. 1938-இல் ஹிந்தியைப் பள்ளிக்கூடங்களில் கட்டாயமாக்கியபோது மறியல் செய்தவர்கள் மீது ஆச்சாரியாரின் சர்க்கார் ஏவிய ஆயுதம், 1932-ஆம் வருஷத்துக் கிரிமினல் திருத்தச் சட்டம். காங்கிரஸ் மறியல்காரர்களை அடக்க வெள்ளையர் சர்க்கார் செய்த சட்டம் அது. காங்கிரஸ் மேடைகளிலெல்லாம் கண்டிக்கப்பட்ட சட்டம். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் சிறை புகுந்தனர். நடராசன், தாளமுத்து என்னும் இருவர் 1939-இல் கைதிகளாக இருக்கையில் மாண்டனர். வேலூரில் நாட்குறிப்பு எழுதிய கை இதற்கு ஒப்பமிட்டதை எந்த வாதத்தாலும் நியாயப்படுத்த நம்மால் இயலவில்லை.

கோயில் விஷயத்திலும் அவர் நேரே செல்லவில்லை. 1938 ஆகஸ்டில் தாழ்த்தப்பட்டோர் தலைவர் எம். சி. ராஜா கோயில் பிரவேச மசோதாவைச் சட்டசபையில் கொண்டுவந்தபோது, ஆச்சாரியாரே அதை எதிர்த்தார். ராஜதானி முழுவதற்கும் ஒரே அடியில் சட்டம் வேண்டாம். முதலில் மலையாள ஜில்லாவில் ஜனங்களின் வாக்கைப் பெற்றுச் செய்வோம் என்பது அவர் கட்சி. மசோதா தோற்றது. ராஜா ஏமாற்றப்பட்டதாக மனம் கசந்தார். அவர் கசப்பு நியாயமானதே. நூற்றாண்டுக் கணக்காக வெளியே நிற்பவனிடம் இன்னும் கொஞ்சம் பொறு என்று சொல்வது உள்ளே இருப்பவனுக்கு எளிது.

அடுத்த வருஷம் நிகழ்ச்சிகள் அவருடைய நிதானத்துக்குக் காத்திருக்கவில்லை. 1939 ஜூலை 8-ஆம் தேதி, மதுரை வக்கீல் ஏ. வைத்தியநாத ஐயர், தாழ்த்தப்பட்டோர் ஐவரையும் நாடார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் சென்றார். அந்த ஐவரில் ஒருவர் பிற்காலத்தில் மந்திரியான கக்கன். கோயில் நிர்வாகி ஆர். எஸ். நாயுடு அவர்களைத் தடுக்கவில்லை. வைதிகர்கள் கொதித்தெழுந்தனர். பட்டர்களில் ஒரு சாரார் பூஜை செய்ய மறுத்தனர். கமுதித் தீர்ப்பு அலமாரியில் இருக்கிறது. 295-ஆவது பிரிவும் இருக்கிறது. சித்தூரில் பஞ்சமர் ஒருவர் நின்ற கூண்டில் இப்பொழுது அழைத்துச் சென்றவர், அனுமதித்தவர், உள்ளே சென்றவர் யாவரையும் ஏற்றிவிடலாம். இம்முறை சாட்சியத்தில் ஓட்டை விழாதபடி பார்த்துக்கொள்ளவும் வக்கீல்கள் இருந்தனர்.

ஆச்சாரியார் மறுபடியும் சாட்சியத்தின் இடுக்கைத் தேடவில்லை. சட்டசபை கூடும் வரை தாமதித்தால் வழக்குகள் முந்திக்கொள்ளும் என்று கண்டு, அந்த மாதத்திலேயே கவர்னரைக் கொண்டு ஓர் அவசரச் சட்டம் பிறப்பிக்கச் செய்தார். பின்னர் அதுவே கோயில் பிரவேச அனுமதி, பாதுகாப்புச் சட்டமாகச் சட்டசபையில் நிறைவேறிற்று. தர்மகர்த்தாக்கள் சர்க்கார் சம்மதத்துடன் கோயிலைத் திறந்துவிடலாம். திறந்தவர் மீதும் நுழைந்தவர் மீதும், முன் நடந்ததற்காகவும் சேர்த்து, சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ செல்லாது என்பது அதன் சாரம். நடந்து முடிந்த காரியத்துக்குப் பின்னால் சட்டம் செய்து காப்பது முறையா என்று கேட்ட சட்ட நிபுணர்கள் உண்டு. சட்ட சாஸ்திரப்படி அந்தக் கேள்வியில் பொருள் இருக்கிறது. சித்தூரில் கோர்ட்டு சொல்ல மறுத்ததைச் சொல்ல வைக்க அவருக்கு வேறு வழி இருந்ததாக நமக்குத் தோன்றவில்லை. அந்தச் சட்டம் கோயில் வாசலை எல்லோருக்கும் உரிமையாக்கிவிடவில்லை. திறக்க மனமுள்ளவர்களைக் காப்பாற்றியது, அவ்வளவே. உரிமைக்கு 1947-ஆம் ஆண்டின் சட்டம் வர வேண்டியிருந்தது.

அவ்வாண்டு அக்டோபரில் மந்திரி சபை ராஜினாமாச் செய்தது. அதன் பின் ஆச்சாரியார் ஏறாத பதவியில்லை. காங்கிரசோடு சேர்ந்தும் பிரிந்தும், தாமே சுதந்திரக் கட்சியைத் துவக்கியும், தொண்ணூறு வயதைத் தாண்டியும் வாதாடிக்கொண்டே இருந்தார். அந்த வாதங்கள் எல்லாம் பத்திரிகையிலும் மேடையிலும் நடந்தவை. 1972 டிசம்பர் 25-ஆம் தேதி சென்னையில் காலமாகும் வரை, 1920-இல் கைவிட்ட தொழிலை அவர் மறுபடி ஏற்கவில்லை.